உப்பு கூடியிருக்கு

ஜனவரி 2, வியாழன்

இந்த டைரி, மெஷினில் ஊற்றும் மருந்துகளை விற்கிற கம்பெனிக்காரர் கொடுத்தது. லேப் முதலாளி பிச்சையா சாருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவருடையதில் தோல் அட்டை. என்னுடையதில் தோல் மாதிரி அட்டை. சும்மா கிடப்பானேன் என்று எழுதுகிறேன்.

பெயர் அமலோற்பவம். வயது நாற்பத்து நான்கு. தூத்துக்குடியில் இந்த லேபில் பத்தொன்பது வருடமாக டெக்னீஷியன். ரத்தம் எடுப்பது ஒரு வேலை, மெஷினில் ஓட்டிப் பார்ப்பது ஒரு வேலை. மூன்றாவது வேலை, கவுண்டரில் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது. அது என் வேலை இல்லை. ஆனால் சொல்லாவிட்டால் யாரும் நகர மாட்டார்கள். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருக்கும். தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா சொல்லுது?" என்பார்கள்.

குளுக்கோஸ் என்றால் சர்க்கரை. கொலஸ்ட்ரால் என்றால் கொழுப்பு. கிரியேட்டினின் என்றால் உப்பு. இந்தப் பெயரை நான் வைக்கவில்லை. கிட்னி வெளியே தள்ள வேண்டிய கழிவு ரத்தத்தில் தேங்கினால் ஊரே அதை உப்பு என்றுதான் சொல்கிறது. கிரியேட்டினின் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஒரு பாட்டையா, "அது யாரு?" என்று கேட்டார். "உப்பு கூடியிருக்கு" என்றால் "ஐயோ" என்கிறார்கள். புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜனவரி 11, சனி

காலையில் ஒரு கணக்கு வாத்தியார். நரம்பே கிடையாது. இரண்டு குத்துக் குத்தி, ஊதா மூடிக் குழாய் நிரம்பியது, சிவப்பு மூடிக் குழாயில் அடியில் கொஞ்சம்தான் வந்தது. மூன்றாவது குத்துக்கு வாத்தியார் சம்மதிக்கவில்லை. ஊதாவில் மிச்சம் இருந்தது. சமாளித்துவிட்டேன்.

பொட்டாசியம் 7.1. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. எதிர்க் கட்டிட டாக்டர் சண்முகநேசனுக்கு உடனே போன் செய்தேன். அவர் வாத்தியாரை ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினார். வாத்தியாரின் மனைவி தெருவில் உட்கார்ந்து அழுதார். இரண்டு மகன்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

மாலை ஃப்ரிட்ஜ் சுத்தம் செய்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

திருப்பலி. சாளை மீன் மலிவு. திருநெல்வேலியில் வாத்தியாருக்கு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பொட்டாசியம் 4.2. இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டாராம்.

ஜனவரி 13, திங்கள்

பிச்சையா சார் காரணம் கேட்டார். சனிக்கிழமை பத்து நிமிடம் கரண்ட் போனது என்றேன். போனது உண்மை.

நமக்குள் சோடியமும் பொட்டாசியமும் தனித்தனிக் குடித்தனம். சோடியம் ரத்த அணுவுக்கு வெளியே, நீரில் இருக்கும். பொட்டாசியம் அணுவுக்கு உள்ளே இருக்கும். வெளியே இருக்க வேண்டிய பொட்டாசியம் துளிதான். அந்தத் துளி கொஞ்சம் கூடினாலும் இதயம் தாளம் தப்பும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து தடவியிருக்கும். அது பொட்டாசியம் சேர்ந்த மருந்து. படிப்பில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இதை எதற்கு இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 20, திங்கள்

டாக்டர் சண்முகநேசன் எனக்குப் பொட்டாசியம் மேடம் என்று பெயர் வைத்திருக்கிறாராம். அவருடைய கம்பவுண்டர் வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் வேறு மாதிரி ஆகிவிடும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வேலாயுதப்பெருமாள் அண்ணாச்சி வந்தார். வயது அறுபத்தாறு. உப்பளத்தில் நாற்பத்தொரு வருடம் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரஷர் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பை கல்லுப்பு கொண்டு வருவார். நான் கையை நீட்டினால் கொடுக்க மாட்டார். கவுண்டர் மேசையில் வைத்து விரலால் என் பக்கம் தள்ளுவார்.

"உப்ப கையில குடுக்கப்படாதுட்டீ. சண்ட வந்துரும்."

எங்களுக்குள் பத்து வருடமாக ஒரு சண்டையும் இல்லை. அவர் கை ரத்தம் எடுக்க நல்ல கை. கயிறு மாதிரி நரம்பு. பார்க்காமலே குத்தலாம்.

சோடியம் 139, பொட்டாசியம் 4.7, இரண்டும் சரி. கிரியேட்டினின் 1.8. போன முறை 1.4.

"எல்லாம் நல்லாருக்கு அண்ணாச்சி. உப்பு மட்டும் கூடியிருக்கு."

அண்ணாச்சி மேசையில் இருந்த உப்புப் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உப்பா?"

"ஆமா. கொஞ்சந்தான்."

"நாப்பத்தோரு வருஷம்லா. தோல் வழியாவே உள்ள எறங்கியிருக்கும்."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

அண்ணாச்சி உப்பில் எலுமிச்சை ஊறுகாய் போட்டேன். பதினெட்டு எலுமிச்சை.

பிப்ரவரி 19, புதன்

இரண்டாம் ரயில்வே கேட் பக்கம் இளநீர் வண்டியில் அண்ணாச்சி. ஒன்றைக் குடித்துவிட்டு இன்னொன்றைச் சீவச் சொன்னார்.

"தினம் ரெண்டு. இளநி உப்ப முறிக்கும்லா" என்றார்.

வெயிலுக்கு நல்லது அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். வழுக்கை நன்றாக இருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

ஒரே மாதத்தில் அண்ணாச்சி திரும்ப வந்தார். டாக்டர் மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொன்னாராம். உப்புப் பை கொண்டுவரவில்லை. பழக்கதோஷத்தில் மேசையைப் பார்த்தேன்.

"வீட்லயே நம்ம ஊரு உப்ப நிறுத்தியாச்சு தாயி. சென்னையில இருக்க மவ வேற உப்பு அனுப்புதா. கடிச்சா நாக்குல லேசா கசக்கு. ஒறைக்கவே மாட்டுக்கு. அதனால உன் மைனி ரெண்டு பங்கா அள்ளிப் போடுதா."

மைனி என்றால் அவர் மனைவி பெரியபிராட்டி. நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். கறாரான ஆள். அண்ணாச்சி சாப்பிடும் மாத்திரைகளைத் தீப்பெட்டிகளில் போட்டு, காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் வரைந்து வைத்திருப்பார்.

நல்லது என்றேன்.

பொட்டாசியம் 5.6. ரத்தம் எடுக்கும்போது அண்ணாச்சி கையை இறுக்கி இறுக்கி மூடினார். அப்படிச் செய்தால் கொஞ்சம் ஏறும். ரிப்போர்ட்டில் போட்டேன். போன் செய்யவில்லை. 5.6-க்குப் போன் செய்ய வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனேன். ஒரு பாட்டி அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் ரொசாரியோ ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார். தவக்காலம் நாற்பது நாளும் பீடி பிடிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார். நானும் எதையாவது விட வேண்டும். பதில் பேசுவதை விடு என்றார். பார்க்கலாம்.

மார்ச் 25, செவ்வாய்

அண்ணாச்சி வந்தார். கூட மைனியும். வாசலில் மூன்றே படிதான். மூன்றாவது படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்ப்பது போலப் பார்த்தார். தெருவில் ஒன்றும் இல்லை.

"காலு சாக்கு மாரி கனக்குங்காவ" என்றார் மைனி. "உப்பு எறங்கட்டும், சரியாயிரும்னு சொல்லியிருக்கேன்."

கையை மூட வேண்டாம் என்று சொல்லி, கையில் கட்டிய ரப்பரை உடனே அவிழ்த்து, ஒரே குத்தில் எடுத்தேன். பொட்டாசியம் 6.3. மறுபடி ஓட்டினேன். 6.3. மூன்றாவது முறை 6.4.

டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார்.

"மேடம், உங்க கையில பட்டா எல்லாருக்கும் பொட்டாசியம் ஏறுதே. போன தடவ ஆம்புலன்ஸ், இந்தத் தடவ ஹெலிகாப்டரா? ரத்தம் செதஞ்சிருக்கும். நல்லாப் பாருங்க."

எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கிற பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். அப்போது அளவு பொய்யாக ஏறும். அதுவும் நடக்கிறதுதான். உடைந்திருந்தால் மேலே தெளிந்து நிற்கும் நீர் சிவப்பாக இருக்கும். நல்லாப் பார்த்தேன். இளமஞ்சள். கண்ணாடி மாதிரி இருந்தது.

ரிப்போர்ட்டில், "மாதிரியில் ரத்த அணுக்கள் சிதைந்துள்ளன, அளவு நம்பத்தக்கதல்ல" என்று டைப் அடித்தேன். டாக்டர் சொன்னார், அடித்தேன். டாக்டருக்குத் தெரியாதா.

அந்தக் குழாயைத் தூக்கிப் போடவில்லை. ஃப்ரிட்ஜில் பின் வரிசையில் இருக்கிறது. எதற்கு வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 26, புதன்

மைனி போன் செய்தார். லேப் கணக்கு தப்பு, ஒன்றும் பயமில்லை, மாத்திரையைத் தொடரச் சொல்லி டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாத அமலா. மனுசங்க கை தப்பும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் வரவில்லை.

மார்ச் 29, சனி

பாவசங்கீர்த்தனம். சாமியாரிடம் மூன்று பாவம் சொன்னேன். வீட்டுக்காரரிடம் கோபப்பட்டது, இரண்டு ஞாயிறு பூசைக்குத் தாமதமாகப் போனது, பக்கத்து வீட்டு நைட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. நான்காவது ஒன்று இருந்தது. அது பாவம்தானா என்று உறுதியாகத் தெரியாததால் சொல்லவில்லை. பரிகாரமாக ஐந்து 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். பத்து சொன்னேன்.

மார்ச் 30, ஞாயிறு

மெதுவாக, முறையாக எழுதுகிறேன்.

மத்தியானம் விளமீன் குழம்பு. என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு கூடிப்போச்சு பிள்ள" என்றார்.

வாய் தவறி, "எவ்வளவு?" என்று கேட்டேன். கவுண்டர் பழக்கம்.

"எவ்வளவுன்னா? ரெண்டு உருளக்கெழங்க வெட்டிப் போடு. இல்ல, இனிமே கொறச்சிப் போடு. உப்பு கூடினா உப்பக் கொறைக்கணும். இதுக்கு லேப்புலயா போய்ப் பாக்க முடியும்?"

கரண்டி கையிலேயே இருந்தது. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. உப்பு கூடினால் உப்பைக் குறைக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நாற்பத்தொரு வருடம் உப்பில் நின்ற மனிதரிடம் உப்பு கூடியிருக்கிறது என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? கிட்னியையா நினைப்பார்? ஊர் உப்பை நிறுத்தினார். வேறு உப்பு வாங்கினார். லேசாகக் கசக்கிற உப்பு. ரெண்டு பங்கு. தினம் இரண்டு இளநீர். அவ்வளவையும் என்னிடம்தான் சொன்னார். சொல்லச் சொல்ல நான் நல்லது நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கை கழுவாமல் ஸ்கூட்டியை எடுத்தேன். எங்கே போகிறாய் என்று அவர் கேட்டபோது வண்டி வாசலைத் தாண்டிவிட்டது.

அண்ணாச்சி நடு வீட்டில் பாயில் கிடந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நாடி பிடித்தேன். மெதுவாக வந்தது, இடையில் ஒன்று வராமல் போனது. நான் நேராக அடுக்களைக்குப் போனேன். மைனி பின்னாலேயே வந்தார்.

"மைனி, அந்த உப்பு எங்க?"

அடுப்புப் பக்கம் இருந்தது. வெள்ளைப் பாக்கெட். முன்னால் இதயப் படம், அதில் ஒரு புன்னகை. பின்னால் எறும்பு எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு. சோடியத்தைக் குறைக்க அந்த இடத்தில் பொட்டாசியத்தைப் போட்டிருக்கிறார்கள். கிட்னி நன்றாக இருக்கிறவர்களை அது ஒன்றும் செய்யாது. கிட்னி நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்று அடுத்த வரியிலேயே போட்டிருந்தது. அதுவும் இங்கிலீஷில்.

"ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும் மைனி. ஆட்டோ புடிங்க."

மைனி நகரவில்லை.

"டாக்டர் பயமில்லன்னு சொல்லியிருக்காவ. உன் லேப்புதான் தப்புன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. இப்ப வந்து ஆட்டோ புடிங்க. எத நான் நம்ப?"

நியாயமான கேள்வி. டாக்டர் சொன்னால்தான் அவரை எழுப்புவேன் என்றார். டாக்டருக்குப் போன் போட்டேன். மூன்று முறை அடித்து எடுத்தார். ஏதோ கல்யாண வீடு, பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"டாக்டர், அமலா பேசுதேன். வேலாயுதப்பெருமாள் அண்ணாச்சிக்கு நெசமாவே பொட்டாசியம் ஏறியிருக்கு."

"மறுபடியுமா? மேடம், ஞாயித்துக்கெழம கூடவா?"

அவர் வைத்துவிடுவார் என்று தெரிந்தது. முன்னால் மைனி நின்றார். பாயில் அண்ணாச்சி கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பயமாக இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை என்று எழுத ஆசைதான். அந்தப் பயமும் இருந்தது.

"டாக்டர், வைக்காதீங்க. ஜனவரியில வாத்தியாருக்கு ஏறினது கரண்டால இல்ல. செவப்புக் குழாயில ரத்தம் பத்தலன்னு ஊதாவுல இருந்து நான் ஊத்தினேன். நாந்தான் ஊத்தினேன். இது அப்படி இல்ல. செவ்வாக்கெழம எடுத்ததுல அணு செதையவே இல்ல. தண்ணி தெளிவா இருந்துச்சு. செதஞ்சிருக்குன்னு பொய்யா எழுதினேன். மூணு தடவ ஓட்டினேன், மூணு தடவயும் ஆறுக்கு மேல. வீட்டுல பொட்டாசியம் உப்பு சாப்பிடுதாவ. நாடி விட்டு விட்டு வருது."

நாதஸ்வரம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் தள்ளிப் போனது. வெளியே வந்திருப்பார்.

"பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் இப்பமே பேசுதேன். அந்தம்மாகிட்ட போனக் குடுங்க."

கொடுத்தேன். மைனி கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். அப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்துதான் இரண்டரை மாதமாக யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

ஆட்டோவில் அண்ணாச்சி தலை என் தோளில் கிடந்தது. ஈசிஜியில் கோடு கூடாரம் கூடாரமாக எழும்பி நின்றது. ரத்தத்தில் 7.4. இதயத்தைக் காப்பாற்றக் கால்சியம் ஊசி போட்டார்கள். பிறகு குளுக்கோஸோடு இன்சுலின் ஏற்றினார்கள். வெளியே அலைகிற பொட்டாசியத்தை அது திரும்ப அணுவுக்குள் அனுப்பிவிடும். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று அங்கிருந்த டாக்டரம்மா ஆரம்பித்தார். மைனி முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது குழம்புச் சட்டி காலி. உருளைக்கிழங்கு போட்டு அவரே சரி செய்து சாப்பிட்டிருக்கிறார். எனக்கு ஒரு துண்டு மீன் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அழுதேன்.

மார்ச் 31, திங்கள்

5.5. இறங்குகிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

4.9.

டாக்டர் சண்முகநேசன் லேபுக்கே வந்துவிட்டார். பிச்சையா சார், அவர், நான், மூன்று பேரும் உள் அறையில். டாக்டர் முதலில் தன்னைத்தான் சொன்னார். "நான் குடுக்க பிரஷர் மாத்திரயே பொட்டாசியத்தக் கொஞ்சம் ஏத்தும். 5.6 வந்தப்பவே சாப்பாட்ட விசாரிச்சிருக்கணும். கேலி பண்ணிட்டு இருந்துட்டேன்." பிறகு, "உப்பக் கொறச்சிருந்தா ஒண்ணுமில்ல. மாத்தினதுதான் வெனை" என்றார்.

பிச்சையா சார் முப்பது வருடம் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தவர்.

"ஊதாவுல இருந்தாம்மா ஊத்துன?" என்று மட்டும் கேட்டார். "முத வருசப் பாடம்லா அது."

வேலையை விட்டு அனுப்பவில்லை. வாத்தியார் வீட்டுக்குப் போய் நேரில் சொல்லச் சொன்னார். போனேன். வாத்தியார் முழுக்கக் கேட்டார். "அப்ப எனக்கு ஒண்ணுமே இல்ல?" என்றார். இல்லை என்றேன். அன்றிலிருந்து இரண்டரை மாதமாக வாழைப்பழம் சாப்பிடாமல் இருக்கிறாராம். அவர் மனைவி காபி கொடுத்தார். சர்க்கரை போடவில்லை. மறதியா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மைனி லேபுக்கு வந்தார். கவுண்டரில் கூட்டம் இருந்தது. யாரையும் பார்க்காமல் நேராக வந்து, அந்த வெள்ளைப் பாக்கெட்டில் மிச்சம் இருந்ததை எடுத்தார். மேசையில் வைக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி அழுத்தினார்.

"நீயே வச்சிக்க" என்றார்.

போய்விட்டார். வரிசையில் நின்ற ஒரு அம்மா, "உப்பப் போயி கையில குடுக்காவளே" என்றார். மைனிக்குத் தெரியாமல் இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மைனி என்னைப் பார்த்ததும் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனார். பாட்டிலில் தண்ணீர் இருந்தது.

அண்ணாச்சி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எப்படிச் சொல்வது என்று ஸ்கூட்டியில் வரும்போது யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அண்ணாச்சி, அன்னைக்கி உப்பு கூடியிருக்குன்னு சொன்னேன்லா. அது இந்த உப்பு இல்ல. கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு. அத உப்புன்னு சொல்லுத பழக்கம். நான் வெளக்கிச் சொல்லியிருக்கணும். ஒன்பது பேரு நிக்காவன்னு சொல்லாம விட்டேன். பொறவு ஏறுனது தெரிஞ்சும் பொய் எழுதினேன்."

அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா நான் ஊறுகா தொடல. கருவாடு தொடல. பேரப்புள்ள பொறந்தநாளுக்கு உப்பில்லாத பிரியாணி தின்னேன், உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி."

"நாப்பத்தோரு வருஷம் உப்பு மேல நின்னேன். காலு வெடிச்சிது. கண்ணு கூசி ஒரு கண்ணு மங்கிப்போச்சு. ஆனா அது என்னயக் கொல்லப் பாக்கல. நீ ஒரு வார்த்த சொன்ன பாரு."

நான் நின்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "போ. இருட்டப் போவுது, வண்டில பாத்துப் போ" என்றார்.

ஏப்ரல் 12, சனி

பாவசங்கீர்த்தனம். நான்காவதைச் சொன்னேன். சாமியார், "பொட்டாசியம்னா என்னம்மா?" என்று கேட்டார். ஒரு வகை உப்பு என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். சோடியம் வெளியே, பொட்டாசியம் உள்ளே என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் இருமினார்கள். சாமியார் கடைசியில், "ஒரு மனுசன் சாவுக்குக் கிட்டத்துல போயிருக்கான், அதத்தான் நீ இவ்வளவு நேரம் சொல்லுத" என்றார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

கவுண்டரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறேன். கிரியேட்டினின் கூடினவர்களை உட்கார வைத்துச் சொல்கிறேன். ஒரு ஆளுக்கு ஆறு நிமிடம் ஆகிறது. வரிசை வாசல் வரை நிற்கிறது. உப்புத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும் என்றார் பிச்சையா சார். பிறகு அவரே இரண்டாவது நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

இந்த டைரியில் ஜனவரி 11-ஐ எடுத்துப் பார்த்தேன். "சமாளித்துவிட்டேன்" என்று எழுதியிருந்தது. அடித்துவிட்டு மேலே "ஊற்றினேன்" என்று எழுதினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஈஸ்டர் லீவு முடிந்து முதல் வேலை நாள். என் வீட்டுக்காரர் மறுபடி பீடி பிடிக்கிறார்.

பதினொரு மணிக்கு வேலாயுதப்பெருமாள் அண்ணாச்சி வந்தார். மூன்று படியையும் நிற்காமல் ஏறினார். மைனி வாசலோடு நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. அண்ணாச்சி சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினார். பார்க்காமலே குத்தக்கூடிய அந்தக் கையை இரண்டு நிமிடம் தடவிப் பார்த்துவிட்டுக் குத்தினேன். சிவப்பு மூடி முதலில், ஊதா பிறகு. இரண்டையும் தனித்தனித் தட்டில் வைத்தேன்.

ரிப்போர்ட் வந்ததும் அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"உப்பு எப்படி இருக்கு?" என்றார்.

"எந்த உப்பு அண்ணாச்சி?"

"எல்லா உப்பையும் சொல்லு. நேரமிருக்கு."

சொன்னேன். சோடியம் 137, பொட்டாசியம் 4.6, இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. கிரியேட்டினின் 1.8, அது கிட்னி தள்ளாத கழிவு, சமையல் உப்பு இல்லை. சமையல் உப்பை டாக்டர் சொன்ன அளவில் குறைத்துப் போடலாம், ஆனால் நம்ம ஊர் உப்பையே போடலாம். தினமும் இளநீர் வேண்டாம். பின்னால் பதினொரு பேர் நின்றார்கள். அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஒரு இடத்தில் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன்.

எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். வாசல் பக்கம் திரும்பி மைனியைப் பார்த்தார். மைனி வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, கையில் இருந்த மஞ்சள் பையை நீட்டினார். அண்ணாச்சி அதை வாங்கி வந்தார். கல்லுப்பு, ஒரு கிலோ இருக்கும். எனக்குக் கை தானாக நீண்டுவிட்டது.

அவர் என் கையைப் பார்த்தார். பையை மேசையில் வைத்து, விரலால் என் பக்கம் தள்ளினார்.